முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு பாட்டில்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத சலவைக்கூடத்தில் பதினோரு வருடம் போர்வை மடித்தவள் நான். டிரம் அக்காவைப் பற்றி எழுத எனக்கு அந்த உரிமை போதும். அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூடத்தில் நான்கு சலவை இயந்திரங்கள். அதில் பெரியது, வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது, நாங்கள் 'டிரம்' என்று சொல்வது, அவள் பொறுப்பில் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். துணி மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லுவாள். தராசில் வைத்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். அவள் வாய் மட்டும் எந்தத் தராசுக்கும் அடங்காது. அவள் தம்பி வார்டு வார்டாக வண்டி தள்ளிப் போய் அழுக்குத் துணிகளை அள்ளி வருவான். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்து, கையைப் பிடித்து அழைத்து வந்து வேலையில் சேர்த்தவள் அவள்தான்.

எங்கள் மேலதிகாரி கஞ்சி சார். சட்டையை அட்டை மாதிரி விறைப்பாகப் போட்டுக்கொள்வார், அதனால் கஞ்சி. நல்ல மனுஷர். அந்த நல்ல மனசிலிருந்துதான் வினையே வந்தது.

தொற்றுநோய் வார்டுத் துணி மஞ்சள் பையில், வாய் கட்டி வரும். சீழ், ரத்தம், வாந்தி, எல்லாம் இருக்கும். அந்தப் பையைப் பிரிக்கிற நாளில் கஞ்சி சார் சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறப்பார். பஞ்சுக்குப் பின்னால் ஒரு பிராந்தி பாட்டில் இருக்கும். ஆளுக்கு ஒரு மூடி. அதற்குத் 'தடுப்பூசி' என்று பெயர் வைத்திருந்தோம். ஊசி போடுவதற்கு முன் ஸ்பிரிட் தடவுகிறார்கள், கிருமி சாகிறது. குடித்தால் உள்ளே இருக்கிற கிருமியும் சாகத்தானே வேண்டும்? மாடி முழுக்க டாக்டர்கள் இருக்கும் கட்டடத்தின் அடியில் இருந்துகொண்டு நாங்கள் நடத்திய வைத்தியம் இது. படியேறிப் போய் ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அந்த வாடையே குமட்டும். அந்த ஒரு மூடியோடு நிறுத்திக்கொள்வேன். அக்காவும் தம்பியும் நிற்கவில்லை. வீட்டிலும் தடுப்பூசி தொடர்ந்தது. மூடி டம்ளராயிற்று, டம்ளர் இரண்டாயிற்று. ஏதாவது கேட்டால், "நான் என்ன குடிகாரியா? மருந்துடி இது" என்பாள்.

அந்த மருந்தைக் குடித்தவளுக்குத்தான் வருஷத்தில் நாலு தடவை நெஞ்சில் சளி கட்டியது. போர்வைக்குள் யாரோ மறந்துபோன ஊசி விரலில் குத்தியது. புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தபோது ஈரல் சரியில்லை என்று தெரிந்து அவளை மாடிக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன்.

"எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"குடிக்கிறதில்ல டாக்டர். கிருமிக்காக எடுத்துக்கிறது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அக்கா அப்போதே எழுந்து வந்திருப்பாள்.

"ஸ்பிரிட் தோல் மேல இருக்குற கிருமியைத்தான்மா கொல்லும். குடிச்சா நடக்குறது வேற. கிருமியோட சண்டை போடுறதுக்குன்னே உங்க ரத்தத்துல அணுக்கள் இருக்கு. தினமும் குடிச்சா அதுங்க மந்தமாயிடும். குடல் சுவரும் கெட்டுப்போயி, குடலுக்குள்ள கிடக்க வேண்டிய கிருமியும் அதோட விஷமும் கசிஞ்சு ஈரலுக்குப் போகும். ஈரல் புண்பட்டு வீங்கும். அப்படியே விட்டா தழும்பு விழுந்து இறுகிடும்."

"என்னோடது இறுகிடுச்சா?"

"இன்னும் இல்ல. கொழுப்பும் வீக்கமும்தான். வேற நோய் எதுவும் டெஸ்ட்ல வரல. இப்ப நிறுத்துனா தேறுறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

கதவு வரை வந்தவள் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க பாட்டில்ல இருக்குறதை வெச்சு தரை துடைச்சாலாவது கிருமி சாகுமா?"

"சாகாது. அந்த அளவுக்கு அதுல வீரியம் கிடையாது."

அவள் முகம் சிவந்தது. ஈரல் கெட்டதைவிட, ஏமாந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தினமும் குடித்தவர்கள் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னதால், ஒரு வாரம் வார்டில் படுத்து, மாத்திரையின் துணையோடு குடியை நிறுத்தினாள். திரும்பி வந்த அன்றே மஞ்சள் பை வந்தது. கஞ்சி சார் மூடியை நீட்டினார்.

"வேணாம் சார். இது தரை துடைக்கக்கூட லாயக்கில்ல."

கூடமே சிரித்தது, நானும் சேர்ந்து. ரப்பர் கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டு, முகமூடியைக் கட்டிக்கொண்டு, அவள் பையைப் பிரித்தாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்தபடி தன் மூடியை வாங்கி வாயில் கவிழ்த்தான், அவளுக்குப் பதில் சொல்வதுபோல.

அவளுக்கு வேண்டியதெல்லாம் மூடியை வாங்கும் தம்பியின் கை பின்வாங்க வேண்டும் என்பதுதான். அவன் வயிறு உப்பியிருந்தது. காலில் அவனுக்கும் ஒரு ஆறாத புண். மாடிக்கு வாடா என்றால், "நீ நிறுத்திப் பாரு, உனக்கு ஒண்ணும் வரலேன்னா அப்புறம் வர்றேன்" என்பான். இதில் கஞ்சி சாரும் சேர்ந்துகொண்டார். "பாக்கத்தானே போறோம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் ஊரெங்கும் காய்ச்சல். மஞ்சள் பைகள் குவிந்தன. அக்கா தும்மினால் போதும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நூல் தூசிக்குத் தும்முகிறாள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பார்ப்போம்.

கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தேவிட்டது. கூடத்தில் கல்யாணக்களை. "நான் சொல்லல?" என்று கஞ்சி சார் ஆளுக்கு ஆள் கேட்டார். தம்பி அன்று இரண்டு மூடி போட்டான். ஐந்தாம் நாள் அவள் கன்னம் ஒட்டி வந்து நின்று, தன் இயந்திரத்தின் கதவைத் திறந்து, துணியை உள்ளே திணித்தாள்.

"காய்ச்சல் வந்துச்சு, போச்சு. நெஞ்சுல சளி கட்டல. எத்தனை வருஷத்துல இது முதல் தடவைன்னு யாராவது கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் மூடி வாங்கவில்லை.

அடுத்த வாரம் அதே காய்ச்சல் தம்பிக்கு வந்தது. மூன்றாம் நாளே நுரையீரலில் இறங்கிவிட்டது. மூச்சு வாங்க வாங்க, அவன் துணி அள்ளப் போகும் வார்டிலேயே அவனைக் கிடத்தினார்கள்.

"ரெண்டு பேருக்கும் வந்த காய்ச்சல் ஒண்ணுதான்மா" என்றார் டாக்டரம்மா அக்காவிடம். "நீங்க நிறுத்தினதால உங்க உடம்பு எதிர்த்து நின்னுச்சு. அவர் உடம்புல எதிர்க்குற பலம் இல்ல. ஈரல்லயும் தழும்பு விழுந்துடுச்சு. அது மறையாது. பொழைச்சு வந்தா, இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது."

"அவனுக்கு முதல் மூடியை நான்தான் டாக்டர் குடுத்தேன்" என்றாள் அக்கா. டாக்டரம்மா ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தார். "வேணாம். நான் குடுத்தேன். அது அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் வந்த மஞ்சள் பையின் சீட்டில் அவன் கட்டில் எண் இருந்தது. அக்கா அதை வேறு யாரையும் தொட விடவில்லை. போர்வையில் சளியும் வாந்தியும், இடையில் கொஞ்சம் ரத்தமும். கஞ்சி சாருக்கே கண் கலங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மனசைத் தேத்திக்கம்மா. இன்னிக்கு மட்டும் ஒரு மூடி."

அக்கா போர்வையை அவர் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள். "பத்து வருஷமா தடுப்பூசி போட்டீங்களே சார், அவன்தான் இது. நல்லாப் பாருங்க. நானும் பாக்குறேன், நானும்தான் போட்டேன்."

அவர் பார்க்கவில்லை. பாட்டில் பஞ்சுக்குப் பின்னால் போயிற்று. அவள் போர்வையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டாள். சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும். கத்திவிட்டு வந்து அதை மறக்காமல் செய்தாள், அப்படிப்பட்டவள்.

இருபத்தாறு நாள் கழித்து, தம்பி கூடத்துக்குள் வந்தான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடத் தோன்றியது. வண்டி தள்ள இனி முடியாது. சீட்டு எழுதுகிற வேலை கொடுத்திருந்தார்கள். அன்றும் ஒரு மஞ்சள் பை வந்தது. தம்பி நேராகப் போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்தான், பஞ்சை ஒதுக்கினான், பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். அக்கா நகரவில்லை.

அவன் தரைச் சாக்கடைக்கு மேல் பாட்டிலைக் கவிழ்த்தான். குடுகுடுவென்று கடைசிச் சொட்டு வரை விட்டான். பிறகு காலி பாட்டிலை மூட முயன்றான். மூடி இரண்டு தடவை நழுவியது. கஞ்சி சார் உதவப் போனார். அக்கா கையை நீட்டி அவரை மறித்தாள்.

"விடுங்க. அவனே மூடட்டும்" என்றவள், தம்பியிடம், "அவசரப்படாதடா. மெதுவா திருகு. மரை பிடிக்கும்" என்றாள்.