மார்ஜரியின் கையெழுத்து

ஷெஃபீல்டில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லெஸ்லி ஹாப்கிர்க்குக்கு ஒரே ஒரு பைத்தியம். அரசியல்வாதிகளின் சுயசரிதைகளை, முதல் பதிப்பாக, எழுதியவர் கையெழுத்தோடு சேர்ப்பது. மாடிப்படி வரை முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. பதவியில் இருந்தவரை ஒரு வரி உண்மை பேசாதவர்களெல்லாம் ஐந்நூறு பக்கம் எழுதித் தள்ளியிருந்தார்கள். சேகரிப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: கையெழுத்து மட்டுமே இருக்க வேண்டும். 'அன்புள்ள இன்னாருக்கு' என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் புத்தகத்தின் மதிப்புப் போச்சு.

மார்ஜரி டென்ஷாவின் புத்தகத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தை மீறுவதென்று லெஸ்லி முடிவு செய்தார். கூடச் சேகரிக்கும் கிளைவ், நல்ல புத்தகத்தைப் பாழாக்கப் போகிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்? நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் மார்ஜரி முதல் தேர்தலில் நின்றபோது, ஒரு மாதம் மழையில் அவளோடு வீடு வீடாகக் கதவு தட்டியவர் லெஸ்லி. ஒரே பொட்டலத்துச் சிப்ஸை இருவரும் நடந்துகொண்டே தின்றார்கள். அவள் ஜெயித்து லண்டன் போனாள், மந்திரியானாள். இவர் சொல்ல நினைத்ததைச் சொல்லவேயில்லை, வேறு யாரையும் கட்டிக்கொள்ளவுமில்லை. இப்போது அவருக்கு வேண்டியது அவள் கையால் தன் பெயர், ஒரே ஒரு தடவை. அந்த ஆசையில் மூன்று இரவுகள் தூக்கம் கெட்டது.

மார்ஜரி கையெழுத்துப் போட வந்திருந்த புத்தகக் கடையில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார். முறை வந்ததும் தலைப்புப் பக்கத்தை விரித்து அவள் முன் வைத்தார். அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. யார் பெயருக்கு எழுதட்டும் என்று கேட்டாள்.

முந்நூறு தடவை சொல்லிப் பழகிய வாய், மனதைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "பேரெல்லாம் வேண்டாங்க. கையெழுத்து மட்டும் போதும்."

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களப் பாத்ததும் லெஸ்லின்னு நெனச்சிட்டேன். அந்தக் காலத்துல எங்கூட ஓட்டுக் கேட்டு அலைஞ்சவரு. அவரா இருந்தா மொதல்ல பேரைத்தான் எழுதச் சொல்லியிருப்பாரு."

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. விற்கப்போகிறவன் மாதிரிக் கேட்டுவிட்டு, இனி எந்த முகத்தோடு சொல்வது? பின்னால் நின்ற பெண்மணி தன் புத்தகத்தை நீட்டிவிட்டாள்.

"பரவால்லீங்க, எல்லாருக்கும் இருக்கற மாதிரி மூஞ்சிதான் எனக்கு" என்றார் லெஸ்லி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.