சத்தம் போடாத சீவன்

ஊரிலிருந்து, பாலமுனையிலிருந்து தொலைபேசி வந்தால் யாருக்கு என்னவோ என்று பயந்துகொண்டுதான் எடுப்பேன். என் அக்கா ஸைனம்பு ராத்தாவுக்கு அது தெரியும். "ஒண்டுமில்ல தம்பி, எல்லாரும் சுகம்" என்றுதான் தொடங்குவார்.

சுனாமியில் அவருடைய ஒரே மகள் அம்ஹா போனாள். ஆறு வயது. தாயின் கையிலிருந்து கடல் பறித்துக்கொண்டது. பின்னேரம் வயல் கரையில் உடலை எடுத்தார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு சபியா உம்மா, "புள்ள ஒரு நொடியில போயிட்டா. நித்திர கொள்ற மாதிரி இரிக்கா" என்றார். கை நழுவியபோது மகளின் சத்தம் எதுவும் ராத்தாவுக்கும் கேட்கவில்லை. அதனால் நம்பினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அவ கஷ்டப்படல்ல" என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து ஆடு வளர்க்கத் தொடங்கினார்.

போர் முடிந்த வருடம் எங்கள் தம்பி இன்ஸாப் ஒலுவில் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தான். எலிகளை வைத்து நடக்கும் ஆய்வுகளைக் கண்காணிக்க அங்கே ஒரு குழு போட்டார்கள். விஞ்ஞானம் படிக்காத வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டுமாம். அவன் நேரே ராத்தாவிடம் வந்து நின்றான்.

"நானா? எலியக் கண்டா விளக்குமாத்த எடுக்கிறவ நான்."

"ஹஜ்ஜுப் பெருநாளையில அறுக்கிற ஆளோட சண்ட பிடிக்கிறதும் நீங்கதானே, ராத்தா."

அது உண்மை. கத்தி கடாவின் கண்ணில் படக் கூடாது, ஒன்று பார்க்க மற்றதை அறுக்கக் கூடாது, தண்ணீர் காட்டாமல் படுக்க வைக்கக் கூடாது. யாராவது அவசரப்பட்டால் ராத்தாவின் வாய் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

குழு உறுப்பினர்களுக்கு முதலில் பயிற்சி. கல்முனையிலிருந்து வந்த மிருக வைத்தியர் குணம் நடத்தினார். கூடு நெருக்கமாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு, "கடிபடும் டொக்டர், ஒரே வளவில ரெண்டு மருமகள் இருந்த மாதிரி" என்று ராத்தா எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் போட்டார்கள். கண்ணாடிச் சாடியில் தண்ணீர், அதற்குள் ஓர் எலி. ஒரு மருந்தைச் சோதிக்கும் ஆய்வு அது. எலி எப்போது நீந்துவதை விடுகிறது என்று பார்ப்பார்கள். இதை அனுமதிக்கலாமா என்று உறுப்பினர்கள் சொல்ல வேண்டும்.

"எடுங்களன் அத" என்றார் ராத்தா.

"இது படம், அம்மா." சிலர் சிரித்தார்கள்.

எலி கண்ணாடியைப் பிறாண்டியது. பிறகு அசையாமல் மிதந்தது.

"சத்தம் போடல்லயே டொக்டர். கஷ்டம் இல்லத்தானே?"

இன்ஸாப் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். டொக்டர் குணத்துக்கு அம்ஹாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல கேள்வி வந்த சந்தோஷத்தில் பொறுமையாக விளக்கினார். "அங்கதான் எல்லாரும் பிழை விடுற, அம்மா. சத்தம் போடல்ல எண்டதுக்காக நோகல்ல எண்டு எழுதக் கூடாது. தண்ணியில மூச்சுக்கே போராடக்குள்ள சத்தம் எங்கால வாற? முகத்தப் பாத்து ஏமாறாதீங்க. நகத்தப் பாருங்க. என்ன பாடுபட்டதெண்டு அதில தெரியும்."

திரும்பும்போது ஓட்டோவில் இன்ஸாப், "எலியும் மனிசரும் ஒண்டில்ல, ராத்தா" என்றான். ராத்தா வீட்டுக்குப் போகாமல் சபியா உம்மாவின் வாசலில் இறங்கினார்.

சபியா உம்மா கீரை அரிந்துகொண்டிருந்தார். "என்னகா, எலிக்கு நீதவான் வந்திரிக்கா" என்று பகிடி விட்டார்.

ராத்தா நின்றபடியே கேட்டார். "அம்ஹாட நகம் எப்படி இருந்திச்சி?"

"இப்ப என்னத்துக்குப் புள்ள அது?"

"நகத்த மட்டும் சொல்லுங்க."

சபியா உம்மா கத்தியைக் கீழே வைத்தார். "மரப்பட்டை இருந்திச்சி. ரெண்டு கையிலயும். நீ பாக்கப்படாதெண்டு ஈர்க்கால எடுத்துப் போட்டுத்தான் உன்னக் கூப்பிட்ட நான்."

இதை எனக்குச் சொன்னவன், வாசலில் நின்று கேட்ட இன்ஸாப். ராத்தா இப்போதும் "எல்லாரும் சுகம்" என்றுதான் தொடங்குகிறார். அம்ஹாவின் பேச்சு வந்தால், "கஷ்டப்படல்ல" என்று அதற்குப் பிறகு சொன்னதில்லை. குழுவுக்குத் தவறாமல் போகிறார். கூடுகளைப் பார்வையிடும் நாளில் எலிகளைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றின் நகத்தையும் பார்த்துவிட்டுத்தான் திருப்பி வைப்பாராம்.