ரப்பர் உறையும் நர்சம்மாவின் கூச்சமும்

வெளியே சொல்லக் கூடாத சமாசாரங்களை வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கென்றே சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உண்டென்றால், அது ஹெல்த் விசிட்டர் உத்தியோகம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு பிரசவ விடுதியில் அந்த வேலையில் இருந்தேன். வாரம் ஒரு நாள் பஸ் ஏறி மகாபலிபுரம் பக்கம் போய் வருவேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த வேலையில் மாட்டிக்கொண்டு விழித்த சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெயர் இல்லாத பண்டம்

குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களுக்கும், புருஷனிடமிருந்து நோய் தொற்றும் என்று பயப்படுபவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு ரப்பர் உறைகள் வரும். அந்தக் காலத்து உறை நல்ல தடிமன். ஒன்றையே கழுவிக் கழுவிப் பல முறை உபயோகிக்கலாம். எங்கள் விடுதியில் அதற்குப் பெயரே கிடையாது. லேடி டாக்டர் "அது" என்பார். ஆயா "அந்தக் கண்றாவி" என்பாள். நான் அதுகூடச் சொல்லாமல் கண்ணால் ஜாடை காட்டுவேன்.

ஒரு முறை கையிருப்பு தீர்ந்துபோய், மருந்துக்கடை தணிகாசலத்திடம் போய் நின்றேன். கடையில் இருந்தவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலே எழும்பாமல் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா நீ, கல்யாணம்கூட ஆவல. வூட்ல பெரியவங்க யார்னா இருந்தா அனுப்பு."

யாருக்கு நோவு?

சரோஜாவுக்கு இருபத்து மூன்று வயது. மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டி வீடு. புருஷன் ஏழுமலை மதராசுக்குக் கருங்கல் ஏற்றிப் போகும் லாரி டிரைவர். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் செத்தே பிறந்தன. ஊரெல்லாம் அவள் ஜாதகத்தைக் குறை சொன்னது. லேடி டாக்டர் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். பறங்கிப்புண், அதாவது சிபிலிஸ் என்று தெரிந்தது; வயிற்றிலேயே பிள்ளையைக் கொல்லும் நோய். ஏழுமலை வெளியூரிலிருந்து கொண்டுவந்த நோய் அது. பென்சிலின் ஊசி போட்டு அவளைக் குணப்படுத்தினோம். ஆனால் அவனும் போட்டுக்கொண்டால்தான் திரும்பத் தொற்றாது. அவள் கேட்டதெல்லாம் உயிரோடு ஒரு குழந்தை.

லாரி நிற்கும் இடத்துக்கே போய் அவனைப் பிடித்தேன். கெட்டவன் இல்லை, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாக நின்று கேட்டான். பிறகு சொன்னான்: "எனுக்கு இன்னா நோவு? கல்லாட்டம் கீறேன். நோவு அவளுக்குத்தானே, அவளுக்கே குத்துங்க."

ஒரே மூச்சில் ஒரு பாடம்

அவன் மனசு மாறும்வரை உறைதான் கதி என்றார் டாக்டர். எப்படி உபயோகிப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதிய தாள் ஒன்று என்னிடம் இருந்தது. "கழுவவும். நிழலில் உலர்த்தவும். பவுடர் தூவிச் சுருட்டி வைக்கவும்." சரோஜாவை உட்கார வைத்து அதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 'ஏதாவது சந்தேகம் உண்டா?' என்று கேட்கவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

ஏழுமலை எங்கே உறைக்குச் சம்மதிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் சரோஜா வாசலிலேயே நின்று என்னை மறித்தாள். "மொதல்ல சிரிச்சாரு, அப்பால திட்னாரு. அடுத்த கொயந்தையாச்சும் பொழைக்கணும்யான்னு அழுதேன். போட்டுகினாரும்மா!"

எண்ணெய்

அதன்பின் என்னை அச்சரப்பாக்கம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பல மாதம் கழித்துச் செங்கல்பட்டு விடுதியில் வரிசையில் சரோஜா நின்றாள். ஆறு மாத வயிறு. நோயும் திரும்பி வந்திருந்தது. "உறை என்ன ஆச்சு?" என்றேன். மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். உப்பி, பிசுபிசுவென்று கிழிந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது.

வீட்டில் பவுடர் இல்லை. செருப்புத் தோல் வெடிக்காமலிருக்க எண்ணெய்தானே தடவுகிறோம் என்று இதற்கும் தடவி வைத்திருக்கிறாள். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிவிடும். தாளில் அது இல்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. ஆனாலும் என் ஆத்திரத்தில் அவள் மேலேயே பாய்ந்தேன்: "பவுடர் இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" அவள் கோபிக்கவில்லை. "கேக்கலாம்னுதாம்மா பாத்தேன். நீங்க செவுத்தையே பாத்துகினு படிச்சீங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு. பாவம், உங்கள இன்னும் இன்னாத்துக்கு சங்கடப்படுத்தறதுன்னு வுட்டுட்டேன்."

நீட்டிய கை

அன்றைக்கே ஊசியை ஆரம்பித்தோம். காலம் கடந்துவிட்டிருந்தது. பத்து நாளில் குறைப்பிரசவம். பெண் குழந்தை, உயிர் இல்லை. சரோஜா அழவில்லை. நான்தான் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். அந்தக் குழந்தையின் சாவில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஏழுமலை தனியாக வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். "மின்ன ரெண்டுக்கும் நான் லாரில பூட்டேன். இத்த நான்தான் பொதச்சேன். எத்தினி ஊசி கீதோ, எல்லாத்தையும் போடுங்க."

அதற்கப்புறம் அந்தப் பாடத்தை ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்து, உறையை உறை என்றே பெயர் சொல்லி, இரண்டு தரம் சொன்னேன். 'வெட்கம் கெட்டவள்' என்று ஊர் எனக்கு ஒரு பட்டம் கொடுத்தது, இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் சம்பாதித்தது அந்த ஒன்றுதான்.