நான் இடம் மாற்றிய பெட்டி

அன்று அந்தச் சவுக்குத் தோப்பில் இருந்தவர்கள் நாலு பேர். இளவரசன், அவன் மனைவி கௌரி, ஜெரோம், நான். தோப்புக் காவல்காரர் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜெரோமின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போனதற்குக் காரணம் பாம்பு என்றுதான் மற்ற மூவரும் நம்புகிறார்கள். பாம்புதான்... ஆனால் அந்தப் பாம்புக்கு வாசலைத் திறந்துவைத்தவன் நான். பெட்டியை இடம் மாற்றியவன் நான்!

சொல்லிவிட்டேன். இனி ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரைக்கும் படியுங்கள். பாதியில் நிறுத்துகிறவர்கள் என்னைக் கெட்டவன் என்று நினைப்பார்கள். முழுதும் படிக்கிறவர்கள்... அவர்களும் அப்படித்தான் நினைப்பார்களோ என்னவோ.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெயர் பழனி. நெல்லித்தோப்பில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் குடிதண்ணீர் கேன் போடுகிறேன். சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருக்கிறது. வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். யாராவது இருவர் மெதுவாகப் பேசிக்கொண்டால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். இந்தக் குணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜெரோமுக்கு மட்டும் தெரியும். அவனும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு.

இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் இளவரசன். எங்கள் தெருக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். முகம் தெரியாத யாரோ ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தைச் செல்போன் வரைபடத்தில் குறித்துவிடுவார். நாம் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். போன் பக்கம் வரைக்கும்தான் கூட்டிப்போகும். அதற்குமேல் நம் கண்ணும் கையும்தான். பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் பேரெழுதிவிட்டு, பெட்டி எப்படி இருந்ததோ அப்படியே, எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வைத்துவிட வேண்டும்.

அதே இடத்தில்... அந்த விளையாட்டின் பெரிய சட்டமே அதுதான்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் நாங்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பெட்டி இருக்கிற பக்கமாக ஓர் இடம் பார்த்து, கூடாரம் அடித்து, மாலையில் தேடல், பிறகு சமையல், விடிந்ததும் வீடு. இடம் பார்க்கிற வேலை என்னுடையது. வண்டி ஓட்டுகிறவன் என்பதால் எனக்குத் தோப்புகள் தெரியும். ஏரிக்கரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மழைத்தண்ணீர் இன்னும் தரையில் ஊறும், பாயெல்லாம் நனைந்துவிடும். தென்னைக்கு அடியில் படுக்கக் கூடாது. முந்திரித் தோப்பில் பூச்சி அதிகம். ரோட்டை ஒட்டிய இடமென்றால் குடிக்க வருகிறவர்கள் உடைத்துப்போட்ட பாட்டில் துண்டுகள். ஆள் நடமாட்டம் உள்ள இடமும் உதவாது. நாலு பேர் புதருக்குள் கையை விட்டுத் துழாவினால், சரக்கு பதுக்க வந்தவர்கள் என்றுதான் இந்த ஊரில் நினைப்பார்கள். இத்தனையையும் யோசித்து நான் சொன்ன இடத்தை இளவரசன் ஒருமுறைகூட மறுத்ததில்லை. படிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்லாத ஒரே வேலை அதுதான்.

தேடலில்தான் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. பெட்டியைக் கண்டவர் கத்தக் கூடாது. தாளில் பேரெழுதி, பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கூடாரத்துக்கு வந்து உட்கார வேண்டும். முதலில் கண்டவருக்கு எந்த வேலையும் கிடையாது. கடைசி ஆள் சட்டி கழுவ வேண்டும். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கத் தெரிந்தவன் ஜெயிக்கிற விளையாட்டு! என் போன்றவனுக்கு அது எப்படிப்பட்ட விளையாட்டு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜெரோம் தொடர்ந்து மூன்று முறை முதலில் வந்தான். நான் மூன்று முறையும் சட்டி கழுவினேன்.

"இன்னாடா பழனி, கேன் தூக்குற கை, சட்டி தேய்க்க வலிக்குதா?" என்பான். சாம்பார் ஊற்றினால் "மெர்சி" என்பான். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் மிஞ்சிய பிரெஞ்சு நன்றி சொல்கிற அந்த ஒரு வார்த்தைதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் மட்டும் ஒன்று அரித்துக்கொண்டிருக்கும். மூன்று முறையுமா? அவனும் என் பெஞ்சில் உட்கார்ந்தவன்தானே! என் கண்ணுக்குத் தெரியாதது அவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அந்த மார்கழியில் தவளக்குப்பம் தாண்டி, கடல் பக்கமாக ஒரு சவுக்குத் தோப்பைப் பிடித்தேன். மேட்டு மணல், தண்ணீர் தேங்காது, காற்றைச் சவுக்கு தடுத்துவிடும். வியாழக்கிழமை போய்க் காவல்காரரிடம் பேசி முடிக்க வேண்டும். ஜெரோமைக் கூட வரச் சொன்னேன். அவன் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவன். "இன்னிக்கு மாவு நெறைய கெடக்குதுடா, நீ போய்ட்டு வா" என்றான்.

போகிற வழியில் அந்தப் பேக்கரிக்கும் நான்கு கேன் இறக்க வேண்டியிருந்தது. அவன் மேஜையருகே வேறு ஒருவன் நின்று பிசைந்துகொண்டிருந்தான். ஜெரோம் அன்று லீவு என்று அந்த ஆள் சொன்னான்.

லீவா?

தோப்பில் காவல்காரர் இன்னொன்று சொன்னார். காலையில் ஒரு பையன் வண்டியில் வந்தானாம். சிவப்பு ஹெல்மெட். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம்.

ஜெரோமின் ஹெல்மெட் சிவப்பு.

பிறகு எனக்கு வேறென்ன வேண்டும்! நான் இடம் சொன்னதுமே முன்கூட்டி வந்து பெட்டியைப் பார்த்து வைத்துக்கொள்கிறான்... சனிக்கிழமை வந்து தேடுவது போல நடிக்கிறான்... நான் சட்டி கழுவுகிறேன். மூன்று முறையும் அப்படியே நடந்திருக்க வேண்டும். தோப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் கோர்த்து முடித்துவிட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு நானும் தேடினேன். அவன் பார்த்துவிட்டான் என்றால் நான் பார்த்தால் என்ன என்ற நியாயம். அவன் செய்ததாக நான் நினைத்த திருட்டை அந்த நிமிஷம் நானே செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

யாரும் பக்கத்தில் இல்லை, நக்கல் செய்ய ஆளில்லை. அன்றைக்கு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டேன். வெட்டிய பனை ஒன்றின் அடிமரம் இடுப்பளவுக்கு நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு பொந்து. கறுப்பு டேப் சுற்றிய டிபன் பாக்ஸ் ஒன்று, பாட்டிலுக்கு மூடி போட்டது போல அந்தப் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு இருந்தது. பிடுங்கி எடுத்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு தாழம்புதர். அதன் ஓரத்தில் கிடந்த செங்கல்லுக்குப் பின்னால் வைத்தேன்.

சனிக்கிழமை அவன் நேராக அந்தப் பனைக்குப் போவான். கையை விடுவான். வெறுங்கையை இழுத்துக்கொண்டு விழிப்பான். "எப்டிடா நேரா அங்க போன?" என்று எல்லோர் முன்னாலும் நான் கேட்பேன். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிக்குள் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குரலைத் தணித்துக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

மூடியை இழந்த பொந்து திறந்தே கிடந்தது. மார்கழிக் குளிர், மேலே பனி, உள்ளே உலர்ந்த கதகதப்பு... இடம் பார்ப்பதில் கெட்டிக்காரன் நான்! பாயில் ஈரம் ஏறுமா என்றெல்லாம் யோசித்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை?

சனிக்கிழமை வெயில் சாய்ந்த நேரம். இளவரசனும் கௌரியும் போனைப் பார்த்தபடி வேறு வேறு பக்கம் நடந்தார்கள். நான் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தேன். ஜெரோம் ஒருமுறை போனைப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டான். நேராகப் பனையை நோக்கிப் போனான்.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். அவன் பொந்துக்குள் கையை விட்டபோது நான் சிரித்தேன். சத்தம் வராத சிரிப்பு. என் சந்தேகம் சரியாகிவிட்டது என்ற சந்தோஷம்... அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது!

அவன் கத்தவில்லை. கையை இழுத்து அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழனி... கைய இன்னாவோ புடிச்சிக்கிச்சிடா."

ஓடிவந்த இளவரசன்தான் அது நழுவி இறங்கியதைப் பார்த்தான். சுருட்டை விரியன். கௌரி கடிபட்ட விரல்களிலிருந்து மோதிரத்தைக் கழற்றினாள். கட்டாதே, கீறாதே, கையை அசைக்க விடாதே என்றாள். நான் வண்டியை எடுத்தேன். என் பக்கத்தில் ஜெரோம், அவனைப் பிடித்துக்கொண்டு கௌரி. பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே இளவரசன். கடலூர் ரோட்டில் ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை.

வழியில் ஜெரோம் ஒன்றே ஒன்று சொன்னான். "பெட்டி அங்க இல்லடா."

"பேசாத," என்றேன். "பேசுனா வெஷம் ஏறும்."

எதற்காக அப்படிச் சொன்னேன்? அவன் உயிருக்காகவா? எனக்காகவா? இன்றுவரை தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்களின் சதை அழுகியதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெட்டி, தைத்து, ஆறி... ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விறைத்தே நின்றுவிட்டன. மாவு பிசைகிற கை!

அவன் வார்டில் கிடந்தபோது நான் இன்னொன்றும் செய்தேன். தனியாகத் தோப்புக்குப் போனேன். செங்கல்லுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்து, பனைப் பொந்துக்குள் ஒரு குச்சியை விட்டு நன்றாகத் துழாவிப் பார்த்துவிட்டு, பழையபடி அடைத்துவைத்தேன். ஆம், குச்சியால் பார்த்துவிட்டுத்தான்! என் கை எனக்கு முக்கியம் அல்லவா?

சில வாரம் கழித்து வேறு யாரோ அங்கே போய்ப் பெட்டியைக் கண்டெடுத்து, பனைப் பொந்தில் பத்திரமாக இருந்தது என்று போனில் அந்த விளையாட்டின் ஆப்பில் எழுதிவிட்டார்கள். இளவரசன் ஜெரோம் வீட்டில் வைத்து அதைக் காட்டினான். "மச்சான், பெட்டி அங்கியேதான் இருந்திருக்கு. பயத்துல ஒனக்குக் கண்ணே தெர்ல."

ஜெரோம் கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்டித்தான் இருக்கும் போல," என்றான்.

விரல்களோடு சேர்த்து அவன் கண்மேல் அவனுக்கிருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டும் இருந்தேன்.

கௌரி மட்டும், கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினாள். "பழனிண்ணா, அன்னிக்கு ஜெரோமண்ணா பனைகிட்ட போறப்ப நீங்க ஏன் சுத்தியலக் கீழ வச்சீங்க?"

"கை வலிச்சுதும்மா," என்றேன்.

சரி என்றாள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாளே என்பதுதான் எனக்கு இப்போது பயம். இளவரசனிடம் சொல்லியிருப்பாளா? அவன் முன்போல மார்கழியில் இடம் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாம்புக்குப் பயந்தா? எனக்குப் பயந்தா?

அந்த வியாழக்கிழமை எங்கே போயிருந்தான் என்று ஜெரோமிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போனானாம். சொன்னால் நாங்கள் கூடாரத்தைத் தள்ளிப்போட்டுவிடுவோம் என்று சொல்லவில்லையாம். காவல்காரரிடம் ஹெல்மெட்டைப் பற்றி மறுபடி விசாரித்தேன். "செவப்பா, கறுப்பா... யாருக்குத் தம்பி ஞாபகம்?" என்றார். மணலும் சவுக்குமான தோப்பில் தனியாக நிற்கிற ஒரு பனையடியைத்தான், இந்த விளையாட்டு தெரிந்த யாரும் முதலில் பார்ப்பார்கள் என்று இளவரசன் சொல்கிறான்.

எல்லாம் சரி. ஆனால் நேராகப் போனானே...

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இப்போதும் அவன் வீட்டுக்குப் போனால் அலமாரியில் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு கண்ணில் படுகிறதா, அதில் என்ன தேதி என்று தேடுகிறேன். அவன் ஏமாற்றுக்காரனாக இருந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறேன். அப்படி இருந்துவிட்டால் என் பங்கு கொஞ்சம் குறையும் அல்லவா? கண் பார்வை மங்கிய ஒரு தாயின் ஆபரேஷனைக்கூட நான் இப்படிச் சந்தேகிக்கிறேன். நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுக்கலாம்.

சம்பளம் இல்லாமல் அவன் வீட்டில் இருந்த நாட்களில், வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பன்னிரண்டாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மா வைத்துக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் சும்மா தருகிறாய் என்று அவன் கேட்டுவிட்டால்? பள்ளிக்கூடத்திலிருந்து என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் அவன்! அதனால் கடன் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இப்போது அவனைப் பேக்கரியில் கல்லாவுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிற வேலை. பிசைந்தபோது வாங்கிய சம்பளம் இல்லை. நான் கேன் இறக்கப் போகும்போது, முடிகிற மாதங்களில் ஐந்நூறு ரூபாயை எடுத்து, மடங்காத அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நீட்டுவான். நான் வாங்கிக்கொள்கிறேன். வாங்காவிட்டால் சந்தேகம் வரும்.

"மெர்சிடா பழனி," என்பான். "அன்னிக்கு நீ வண்டிய அந்த ஓட்டு ஓட்டலன்னா நான் இல்ல."

போன மாதமும் கொடுத்தான். அவன் எனக்குத் தர வேண்டியது இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.