இடது இறக்கையின் பதிமூன்று ரிவிட்டுகள்

ஆஸ்திரேலியக் கடலோர ஊரான போர்ட் டெவினில் மெர்வ் ஓப்பியைத் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருஷம் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்து பார்லி லாரிகளுக்கு எடை எழுதிக் கொடுத்தவன். எவனுக்கும் பத்துக் கிலோ கூட்டிப் போட்டதில்லை, குறைத்துப் போட்டதும் இல்லை. "மெர்வ் தப்புப் பண்ண மாட்டான்" என்று ஊரே சொல்லும். சொல்லிச் சொல்லியே ஊர் அவனைக் கெடுத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஐம்பத்தைந்து வயதில் அவனுக்கு விமான ஆசை பிடித்தது. பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகளும் இறக்கைச் சட்டங்களான விலாக்களும் வந்து கொட்டகையில் இறங்கின. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், தானே கட்டிக்கொள்ள வேண்டியது. முதல் ஆறு மாதம் விமானம் உருவாகவில்லை, குப்பைத் தொட்டிதான் நிறைந்தது. ட்ரில்லை நேராகப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. துளை போட்ட பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் பின்னாளில் அங்கிருந்துதான் தகடு கீறும். அதிகமாக எடுத்தால் துளை பெரிதாகிவிடும். அந்த அளவு விரலுக்குப் பிடிபட எத்தனையோ துண்டுத் தகடுகள் பாழாயின.

அவன் மனைவி கோரலுக்கு இதெல்லாம் அவனைவிடச் சீக்கிரம் வந்தது. வாழ்நாளெல்லாம் துணி வெட்டித் தைத்த கை.

"துணி தைக்கிற மாதிரிதானே? நூலுக்குப் பதிலா ரிவிட்டு," என்றாள்.

தகட்டோடு தகட்டை இணைக்கும் ரிவிட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவிட்டின் தலையில் காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து அதிரவிடுவார். உள்ளே மற்றவர் வால் முனையில் ஒரு கனத்த இரும்பை முட்டுக்கொடுப்பார். அந்த இரும்பில் மோதித்தான் வால் நசுங்கி மொத்தையாகும். வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. இருவர் காதிலும் அடைப்பான், பேச்சு எடுபடாது. அதனால் உள்ளே இருப்பவர் தகட்டைத் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுப்போச்சு. இடது இறக்கை முழுக்க இந்தத் தட்டலிலேயே ஏறியது. அந்த ஒரு வருஷம் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பறக்கும் கிளப்பிலிருந்து கிளைவும் இன்னும் இரண்டு பேரும் இறக்கையைப் பார்க்க வந்திருந்தார்கள். கிளைவ் விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்து, அடிப்பக்கத்தில் ஒரு வரிசை ரிவிட்டின் வால்கள் சாய்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்தான். எண்ணினால் பதிமூன்று.

"என்னடா மெர்வ், எல்லாம் பப்புல குடிச்சுட்டு வந்த மாதிரி சாஞ்சு கெடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வுக்குக் காது சிவந்தது. "அது கோரல் பிடிச்சது. அவளுக்குக் கை நிக்காது," என்றான்.

கோரல் கையிலிருந்த இரும்பை மேஜைமேல் வைத்தாள். எல்லோருக்கும் டீ போட்டாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து அவள் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அடிலெய்டில் அக்கா வீட்டுப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பிடித்துக்கொண்டு போனாள். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் வேலை. சண்டை இல்லை, கோர்ட் இல்லை.

"சொல்றதுக்கு ஏதாவது இருந்தா ஃபோன் பண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் வானிலை சொல்ல ஃபோன் செய்தான். ஆட்டுக்குட்டி விலை சொல்ல ஃபோன் செய்தான். சொல்ல வேண்டியது எது என்று அப்போது அவனுக்கே தெரியாது.

தெரிந்தது மூன்று வருஷம் கழித்து. அடிலெய்டுக்கு வெளியே ஒரு விமானத் திடலில், வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு நாள் தகட்டு வேலை வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் டான்யா, அவன் வயதில் பாதி இருப்பாள், விமானப்படையில் தகடு தட்டியவள். அவனை மாதிரிக் கிழவர்கள் எட்டுப் பேரை அரமும் கையுமாக நிற்கவைத்து, "பிசிறு எடுங்கன்னா செதுக்கிட்டு இருக்கீங்களே தாத்தா!" என்று வறுத்தெடுத்தாள். மெர்வுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அவனைத் திட்டக்கூட ஆள் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவன் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்தான். துளைத்து வெளியே எடுத்த அந்தப் பதிமூன்று ரிவிட்டுகளும் அதில் இருந்தன. ஏன் பத்திரமாக வைத்திருந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டான்யா ஒன்றை எடுத்து அளவுத் துண்டில் வைத்துப் பார்த்தாள்.

"யாரு எடுத்துக் குடுத்த ரிவிட்டு இது?"

"நான்தான். பிடிச்சவங்களுக்குக் கை..."

"கையை விடுங்க. ஒரு அளவு நீளம் கூட. நீளம் கூடினா யாரு பிடிச்சாலும் சாயத்தான் செய்யும். விமானத்தோட வரைபடத்துல ரெண்டாம் பக்கத்தைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த வரிசைக்கு மட்டும் குட்டை ரிவிட் என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. பிடித்தவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்று வகுப்பு முடிந்தபோது கோரலின் வீடு அரைமணி நேர தூரத்தில் இருந்தது. மெர்வ் அந்தத் திருப்பம் வரை வந்தான். வண்டியை ஓரம் கட்டினான். என்னவென்று ஆரம்பிப்பது என்று யோசித்தான். பிறகு நேரே வீட்டுக்கு ஓட்டினான். இது கோழைத்தனம். அவனுக்கும் அது தெரியும், தெரிந்தே நாலு வருஷம் ஓட்டினான்.

அந்த நாலு வருஷத்தில் கை எட்டிய இடமெல்லாம் தனியாகவே அடித்தான். வலது கையில் துப்பாக்கி, இடது கையில் இரும்பு. எட்டாத இடத்துக்குக் கிளைவ் வந்தான். கொட்டகையில் ரேடியோ ஓடும், கம்ப்ரஸர் ஓடும், இரண்டும் நின்றால் தகரக் கூரையில் கடல் காற்று மட்டும் கேட்கும். சில நாள் ஒரு ரிவிட்டை அடித்துவிட்டுத் தட்டலுக்குக் காத்து நிற்பான். யார் தட்டப்போகிறார்கள்? தானே உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பான்.

கடைசியில் வலது இறக்கையின் மேல்தகடு மிஞ்சியது. விலாவிலுள்ள ஓட்டை வழியாக முழங்கைவரை உள்ளே விட வேண்டும். கிளைவின் கை ஆட்டுத்தொடை கனம், மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"என் தங்கச்சி மகளை அனுப்புறேன், ஒல்லிக் கை," என்றான் கிளைவ்.

"அவளுக்குப் பழக்கமில்ல."

"அப்ப நம்ம ஊர் பேக்கரிக்காரியைக் கூப்பிடவா?"

"அவளுக்கு நேரமிருக்காது."

"டேய், உனக்கு எறக்கை முடியணுமா, கோரல் வரணுமா? எதுன்னு முடிவு பண்ணிட்டு டீயைப் போடு."

மெர்வ் டீ போடவில்லை. உள்ளே போய் ஃபோனை எடுத்தான்.

"ஒரு பக்க எறக்கை மிச்சமிருக்கு. உன் கை வேணும்," என்றான்.

அந்தப் பக்கம் கோரல் நாள்காட்டியைப் புரட்டுவது கேட்டது. "சனிக்கிழமை காலைல பஸ்ல வர்றேன். சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன்."

அந்த ஒரு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான். சொன்னால் அவள் தங்குவாள் என்ற நப்பாசையும் இருந்தது. படுக்கையறையில் புது விரிப்புப் போட்டான்.

கோரல் வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, காதடைப்பானை மாட்டி, இரும்பைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். "ம், ஆரம்பி," என்றாள். துப்பாக்கி அதிர்ந்தது. உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. மெர்வுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளையாக நடுவில் தகடு இருந்தது.

நாற்பதோ ஐம்பதோ போன பிறகு மூன்று தட்டு வந்தது. கோரல் காதடைப்பானைக் கழற்றினாள்.

"இது என் தப்பு. இரும்பு நழுவிடுச்சு. எடுத்துட்டு வேற போடு," என்றாள்.

இரண்டு விநாடிகூட ஆகவில்லை அவளுக்கு. நாலு வருஷமாகத் தன்னால் சொல்ல முடியாததை இவள் எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் என்று அவன் வெட்கப்பட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ட்ரில்லை எடுக்கிறேன்," என்றான்.

மத்தியானம் பேக்கரியில் வாங்கி வந்த, இறைச்சி அடைத்த பேஸ்டியைத் தின்றார்கள். அக்காவின் மூட்டுவலி, கடை முதலாளியின் கஞ்சத்தனம் என்று அவள் பேசினாள். அவன் தலையாட்டினான். நாலு மணிக்கு மேல்தகடு முடிந்தது. அவள் கை கழுவி, பையை எடுத்துக்கொண்டாள். தங்கு என்று அவன் சொல்லவில்லை, அவளும் படுக்கையறைப் பக்கம் போகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தபோதுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"கோரல், அன்னிக்கு அந்தப் பதிமூணு. உன் கை இல்ல. நான்தான் நீள ரிவிட்ட எடுத்துக் குடுத்துட்டேன். படத்தைச் சரியாப் பாக்கல."

"தெரியும்," என்றாள் கோரல்.

"எப்போலேருந்து?"

"அன்னிக்கேதான். கோப்பையெல்லாம் கழுவிட்டு, நீ அவங்களை வழியனுப்பப் போனப்ப ரிவிட் டப்பாவை எடுத்து, படத்தோட வச்சு அளந்து பாத்தேன். உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "நாலு வருஷமாச்சு."

அவள் தலையசைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே நீ?"

"நான் சொல்லியிருந்தா ஒரு சண்டையோட போயிருக்கும் மெர்வ். நீ சொல்லணும்னுதான் எட்டு மாசம் அந்த வீட்ல இருந்தேன்."

பஸ் வந்து நின்றது. கோரல் இறங்கி, கதவைச் சாத்துமுன் குனிந்து பார்த்தாள். "இப்பவாவது சொன்னியே. நல்லது. ஆனா எனக்கு அங்க வீடுன்னு ஆயிடுச்சு," என்றாள்.

அவள் ஏறினாள். டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பஸ் பார்லி வயல்களுக்கு நடுவே போய் மறையும்வரை மெர்வ் வண்டியைக் கிளப்பவில்லை. பிறகும் கிளப்பவில்லை.