கவிழ்த்த வள்ளத்துக்கு அடியில் ஐந்து பேர்

1

யுத்தம் முடிந்த புதிதில் ஒரு ஹோட்டல் கம்பனி என்னை ஹெலிகொப்டரில் ஏற்றியது. கல்முனையில் கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். அதுவரை படம் எடுக்க ஏறிய ஆக உயரமான இடம் சாப்பாட்டு மேசை. மைதானத்தில் விசிறி சுற்றத் தொடங்கியதும் ஓடிப்போய்ப் பக்கத்து மதகுக்குள் புகுந்துவிட்டேன். பைலட் வந்து கமெரா வாரைப் பிடித்து இழுத்தெடுத்தார்.

"ஐயா, இது உங்களை ஏத்த வந்தது" என்றார்.

மேலே போயும் வீரம் வரவில்லை. கதவைக் கழற்றியிருந்தார்கள். ஒரு கையில் கமெரா, மறு கையில் பைலட்டின் சேர்ட் கொலர். தெரிந்ததையெல்லாம் ஓதினேன். எல்லாம் முடிந்துபோக, நோன்பு பிடிக்க ஓதும் நிய்யத்தையும் ஓதினேன். கமெராவை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமத்தினேன்.

2

கீழே இருந்தது சுனாமி துடைத்துப் போன கடற்கரை. முப்பது குடும்பங்கள் திரும்பி வந்து, கொட்டில் போட்டு, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தன. காணி உறுதிப் பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த நிலத்தைத்தான் கம்பனி ஹோட்டலுக்குக் கேட்டது. ஆட்கள் குடியிருப்பது ஆகாயப் படத்தில் தெரிந்தால் நிலம் அவர்களுக்கு, தெரியாவிட்டால் கம்பனிக்கு என்று காணிக் கந்தோரில் பேச்சு.

அதனால் பறப்பதற்கு முதல் நாளே அவர்களிடம் போய்ச் சொல்லிவைத்தேன்.

"பத்து மணிக்கு எல்லாரும் மணல்ல வந்து நில்லுங்க. கையக் காட்டுங்க."

கூட்டத்தில் நின்ற கதீஜா ராத்தா கேட்டா: "சாரிப் பூ தெரியுமா தம்பி?"

"ஆளே எறும்பு மாதிரித்தான் தெரியும் ராத்தா."

"பரவால்ல. பெருநாள் சாரியத்தான் உடுக்கிற."

படங்களைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். மணல், கொட்டில்கள், வள்ளங்கள், காயப்போட்ட கருவாடு, புகையும் அடுப்பு. ஆள் ஒருவர்கூட இல்லை.

கம்பனி மனேஜர் என் முதுகில் தட்டினார். "சூப்பர். நல்ல கிளீனா இரிக்கி."

அந்தத் தட்டு இன்னும் முதுகில் எரிகிறது. நேரே கடற்கரைக்குப் போய்க் கத்தினேன். கரைவலைக்காரர் ஆதம்பாவா காக்கா தலையைக் குனிந்தார்.

"நிண்டம்தான் தம்பி. சத்தம் கேட்டதும் கால் நிக்கல்ல."

யுத்தம் நடந்த அத்தனை வருசமும் ஹெலிச் சத்தம் கேட்டால் ஓடி மறைந்து உயிர் தப்பிய கால்கள். மதகு ஞாபகம் வந்தது. அவருக்குப் பக்கத்தில் மணலில் குந்தினேன்.

3

நிலம் யாருக்கு என்ற விசாரணைக்கு முன்னம் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து, கொட்டில் கொட்டிலாகக் கொண்டு போனேன். யார் எங்கே ஒளித்தார்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டேன். படத்தின் பின்பக்கம் பேர்கள். பதினொன்றாம் இலக்கம் கவிழ்த்த வள்ளம். அடியில் கதீஜா ராத்தா, மாமியார், மூன்று பிள்ளைகள்.

கந்தோரில் மனேஜர் தன் படத்தை நீட்டினார். "வெறும் காணி, சேர். மீன் பிடிக்க வந்து போற வாடிகள்தான்."

நான் என் படத்தை வைத்தேன். "பின்பக்கம் பேர் இரிக்கி, சேர்" என்று கத்திவிட்டேன். பயமில்லை, கோபம் என்று அப்போது நினைத்தேன். இரண்டும்தான்.

விசாரணை அதிகாரி இரண்டையும் பார்த்தார். "படத்தில தெரியாத ஆக்களுக்கு எப்படிப் பேர் எழுதுற?"

பின்வரிசையில் கதீஜா ராத்தா எழும்பினா. அதே பெருநாள் சாரி.

"தெரியாம இரிக்கத்தானே சேர் ஒளிக்கிற. அந்த நாளையில தெரிஞ்சிருந்தா, இண்டைக்கு உங்கட முன்னால வந்து நிக்க நாங்க இரிக்க மாட்டம்."

மனேஜர் எதையோ சொல்லத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த கிழமை அவரே சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து, கொட்டில் கொட்டிலாகப் பேர் பதிந்தார். முப்பது குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன. வடக்குப் பக்கம் வலை காயப்போடும் மணலை மட்டும் கம்பனி வேலி போட்டு எடுத்துக்கொண்டது. அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் காறித் துப்புகிறேன்.

இப்போது ட்ரோன் விடும் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். அதைக் கிளப்ப முன்னம் கீழே போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அங்கே இருப்பவர்களின் பேரை எழுதிக்கொள்ளுங்கள். படம் நல்ல கிளீனாக வந்தால் சந்தோசப்படாதீர்கள். திரும்பிப் போய், எங்கே ஒளித்தீர்கள் என்று கேளுங்கள்.