கேட்காத சம்பளம்

குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'குட்டி டாக்டர்' என்பார்கள். ஆளும் குள்ளம், பார்ப்பதும் குட்டிகளை. கீழ்த்தளத்தில் அவள் தம்பி எலும்பு டாக்டர். படிப்பில் அக்காதான் கெட்டி. சம்பளத்தில் தம்பி எட்டாத உயரத்தில் இருந்தான்.

"நான் அறுக்குறேன், நீ பேசுற. பேச்சுக்கு எவன்க்கா பில் போடுவான்?" என்று சிரிப்பான். அவளும் சிரித்துவிடுவாள்.

ஒருநாள், பிடிவாதக்காரி என்று எல்லோரும் கைவிட்ட ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. டாக்டர் தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டினாள். பின்னால் போய்க் கை தட்டினாள். பிள்ளை திரும்பவே இல்லை.

"பிடிவாதமெல்லாம் இல்லம்மா. காதுதான் கேக்கல. மெஷின் வச்சா பேசிடுவா."

தாய் அழுது ஓய்வதற்குள் வெளியே வரிசை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. மாலையில் மேலாளர் கூப்பிட்டு, ஒரே நோயாளிக்கு இவ்வளவு நேரமா என்று கடிந்துகொண்டார்.

அதுகூட அவளை உறுத்தவில்லை. உறுத்தியது மறுவாரம் கேன்டீனில் ஜூனியர் டாக்டர் ஒருவன் வாய்தவறிச் சொன்ன தன் சம்பளம். அவளிடமே தொழில் பழகியவன், அதே வேலை; அவளைவிடக் கூடுதல் சம்பளம்.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"அவர் சேரும்போதே கறாரா பேசினாரு, மேடம். நீங்க குடுத்ததை வாங்கிக்கிட்டீங்க."

"இப்ப கேக்குறேனே."

"இப்ப பட்ஜெட் இல்லையே, மேடம்!"

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொலைதூரச் சுரங்க ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டருக்கு விளம்பரம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. அந்த விளம்பரத்தை அவரிடம் காட்டினாள்.

"அங்க வந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"வாத்தியார் எங்கயும் பொழைச்சுக்குவான். அங்க இல்லாதது டாக்டர்தான். கிளம்பு."

போனார்கள். இரண்டு மடங்கு ஏன் என்பது போன பிறகுதான் விளங்கியது. ஊருக்கே ஒரே குழந்தை டாக்டர். காய்கறி வாங்கப் போனாலும் யாராவது தங்கள் பிள்ளையிடம் நாக்கை நீட்டிக் காட்டச் சொல்வார்கள். தாய் மாமனின் சாவுக்குக்கூட அவளால் போக முடியவில்லை. அன்று சமையலறையில் நின்றபடியே அழுதாள். அழுதுமுடித்து வேலைக்குப் போனாள்.

சில வருஷங்கள் கழித்து இன்னொரு குழந்தை டாக்டர், படிப்பு முடித்த சூட்டோடு ஒரு இளம்பெண், நேர்காணலுக்கு வந்தாள். வெளியே பெஞ்சில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் குட்டி டாக்டர் போய் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கப் போற?"

"அவங்களே ஒரு தொகை சொல்லுவாங்கல்ல, மேடம்?"

"சொல்லுவாங்க. நீ தலையாட்டாத." தன் சம்பளத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "இதுல கொஞ்சம் கம்மியா கேளு. ரொம்ப இறங்காத. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவும் எழுதி வாங்கிடு. உனக்குக் குடுத்தா எனக்கும் குடுத்தாகணும்."

விஷயம் நிர்வாகத்தின் காதுக்குப் போய், சம்பளத்தை வெளியே சொல்வது ஒழுங்கல்ல என்று எச்சரித்தார்கள். "சரி" என்றாள். அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு என்ன செய்வார்கள்? இளையவள் கேட்டதைப் பெரும்பாலும் வாங்கிவிட்டாள், லீவு உட்பட.

அதைக் காட்டித் தானும் வாங்கிய முதல் லீவில் குட்டி டாக்டர் தம்பி வீட்டுக்குப் போய்ப் பகலெல்லாம் தூங்கினாள்.